போன்சாயை முதலில் வீட்டுக்கு வெளியே கொண்டுபோங்கள்

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு என் மகன் மாலில் 450 ரேண்ட் கொடுத்து ஒரு போன்சாய் வாங்கித் தந்தான். லவுஞ்சில் டிவி பக்கத்தில் வைத்து தினமும் அரை கப் தண்ணீர் ஊற்றுகிறேன். இப்போது பச்சை வெளிறி, உள்பக்கம் பழுப்பாகி உதிர்கிறது. வாங்கிய இடத்தில் 180 ரேண்ட் டானிக் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? மரம் பிழைக்குமா? படம் அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: டானிக் வாங்காதீர்கள், அம்மா. உங்கள் மரத்துக்குப் பசி இல்லை. அதற்கு வெயில் இல்லை, காற்று இல்லை, வேருக்கு மூச்சும் இல்லை. இந்த நிலையில் உரம் ஊற்றினால் இருக்கிற வேரும் கருகும்.

படத்தில் இருப்பது ஜூனிபர். குளிர்ந்த மலைப்பக்கத்து மரம். தொட்டியில் குட்டியாக நிற்பதால் அது வீட்டுக்குள் வைக்கிற பொருளாகிவிடாது. ஜூனிபரின் இடம் வெளியேதான், வருஷம் முழுவதும். விற்கிறவர் இதை உங்கள் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. மாதத்துக்கு நாலைந்து கடிதம் எனக்கு இதே மாதிரி வருகிறது. எல்லாம் மாலில் வாங்கிய ஜூனிபர், எல்லாம் டிவி பக்கத்தில்.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மரம் செத்த பிறகும் சில வாரங்கள் பச்சையாகவே நிற்கும், அதனால் இலையை நம்ப வேண்டாம். ஒரு சின்னக் கிளையின் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே ஈரமான பச்சை தெரிந்தால் அந்தக் கிளை உயிரோடு இருக்கிறது. காய்ந்த பழுப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே, அடிமரத்தை நோக்கிச் சுரண்டிப் பாருங்கள். அடிமரத்திலும் பச்சை இல்லையென்றால் மரம் போய்விட்டது, எந்த டானிக்கும் திருப்பித் தராது. பச்சை இருந்தால் கீழே சொல்வதைச் செய்யுங்கள்.

படத்தில் இன்னொன்றும் பார்த்தேன். மண்ணின் மேல் கூழாங்கற்கள் ஆடாமல் ஒட்டிக்கிடக்கின்றன. அது பசை. வண்டியில் கொண்டுவரும்போது மண் சிந்தாமல் இருக்க ஒட்டுகிறார்கள். அதனால் தண்ணீர் உள்ளே போகிறதா, மண் எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியவே வழியில்லை. நீங்கள் ஊற்றிய அரை கப் ஓரமாக வழிந்து தட்டில் நிற்கிறது. நடுவில் மண் கட்டியாகக் காய்ந்திருக்கிறது, அடியில் வேர் தண்ணீரில் ஊறுகிறது. பழைய கத்தியை ஓரத்தில் நுழைத்து கற்களைத் துண்டு துண்டாகப் பெயர்த்து எடுங்கள். பிறகு ஒரு பக்கெட் தண்ணீரில் தொட்டியை மண்ணோடு முங்க வையுங்கள். குமிழிகள் நிற்கும்வரை, ஒரு பத்து நிமிஷம் போதும். எடுத்து நன்றாக வடியவிடுங்கள். கீழே இருக்கும் தட்டைத் தூக்கி எறியுங்கள்.

இனி தண்ணீர் அளந்து ஊற்ற வேண்டாம். ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை மண்ணில் செருகி, பத்து நிமிஷம் கழித்து உருவுங்கள். ஈரம் ஒட்டியிருந்தால் அன்றைக்கு வேண்டாம். காயத் தொடங்கியிருந்தால் அடித்துளை வழியாக ஓடும்வரை ஊற்றுங்கள். தைப்பூசக் காவடி நேரத்து வெயிலில் தினமும் தேவைப்படும். டர்பனில் ஜூன், ஜூலையில் மழை குறைவு, ஆனால் மரமும் குறைவாகத்தான் குடிக்கும்.

வெளியே வைக்கும்போது ஒரே நாளில் முழு வெயிலில் வைத்துவிடாதீர்கள், கருகிவிடும். ஒரு வாரம் மாமரத்து நிழல் மாதிரி இடத்தில் இருக்கட்டும். பிறகு காலை வெயில் நாலைந்து மணி நேரம் படும் இடம். கிழக்கு அல்லது வடக்கு பார்த்த இடமாகப் பாருங்கள். புத்தகங்களில் தெற்கு என்று எழுதியிருப்பார்கள். அது ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் சரி. இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகிறது.

காலமும் அப்படித்தான். மார்ச்சில் தொட்டி மாற்று என்று படித்துவிட்டு இங்கே மார்ச்சில் வேரை வெட்டியவர்களை எனக்குத் தெரியும். சித்திரை நமக்கு இலையுதிர் காலம். ஆடிக் கூழ் முடிந்து ஆவணி பிறக்கட்டும், அதுதான் இங்கே வசந்தம். அப்போது தொட்டி மாற்றுங்கள். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது, பழைய மண் முழுவதையும் கழுவி எடுக்கவும் கூடாது. யார்டில் தோண்டிய செம்மணல் வேண்டாம், இறுகிவிடும். 3 முதல் 5 மில்லிமீட்டர் சல்லியும் மக்கிய பைன் பட்டையும் கலந்தால் போதும். அதுவரை வெட்டுவது, கம்பி கட்டுவது எதுவும் கிடையாது. ஏற்கெனவே கம்பி சுற்றியிருந்து அது பட்டைக்குள் புதைகிறதென்றால் சுழற்றி எடுக்காமல், கட்டரால் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.

நான் சொன்னதெல்லாம் தலைகீழாகிற மரம் ஒன்று உண்டு: ஸ்பெக்பூம். ஈஸ்டர்ன் கேப் காட்டு மரம், அட்டோ பக்கத்து யானைகள் விரும்பித் தின்னும். உங்கள் பக்கத்து வீட்டில் யாராவது “என் போன்சாய்க்கு வாரம் ஒரு தடவைதான் தண்ணீர், ஜன்னலோரத்தில்தான் இருக்கிறது, ஜம்மென்று வளர்கிறது” என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, அவரிடம் இருப்பது அதுதான். அது இலையிலேயே தண்ணீரைச் சேமித்து வைக்கும். இலை லேசாகச் சுருங்கின பிறகு ஊற்றினால் போதும். நல்ல வெளிச்சமுள்ள ஜன்னல் என்றால் உள்ளேயும் தாங்கும். தொட்டி மாற்றினதும் மற்ற மரங்களுக்கு உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும், இதற்கு ஒரு வாரம் ஊற்றவே கூடாது, வெட்டுப்பட்ட வேர் அழுகிவிடும். வெட்டிய கிளையைச் சில நாள் நிழலில் உலர்த்தி நட்டால் புது மரம். இரண்டாவது மரம் வாங்குவதாக இருந்தால் இதை வாங்குங்கள். ஆனால் ஸ்பெக்பூமுக்குச் சொன்னதைக் கேட்டு ஜூனிபரைக் காயப்போடாதீர்கள். அந்தத் தவறில் போன மரங்கள் ஏராளம்.

எனக்குக் கோபம் வருவது பெயர்ச்சீட்டைப் பார்க்கும்போதுதான். ‘போன்சாய்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. அது மரத்தின் பெயரே இல்லை, வளர்க்கிற முறையின் பெயர். கடையில் ஒரு ரொட்டிக்குக்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள், 450 ரேண்ட் உயிருக்கு எழுத மாட்டார்களா? இதில் “இருபது வருஷ மரம்” என்று வேறு சொல்வார்கள். சுண்டுவிரல் தடிமனான ஜூனிபர் பெரும்பாலும் கிளையை வெட்டி நட்டு நாலைந்து வருஷம் ஆன கட்டிங். ‘போன்சாய் விதை’ என்று பாக்கெட்டில் விற்பதையும் தொடாதீர்கள். அப்படி ஒரு விதை உலகத்தில் கிடையாது, சாதாரண மர விதைதான்.

காட்டிலிருந்து தோண்டிய மரத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விற்கும் ஆட்களும் இருக்கிறார்கள். 1998-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தில் மருலா, பாவோபாப் போன்றவை பாதுகாக்கப்பட்ட மரங்கள், உரிமம் இல்லாமல் தொடக் கூடாது. முறையாக உரிமம் கேட்பவர்களை மாதக்கணக்கில் அலையவிடுகிறார்கள், திருடுகிறவன் பக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறான். எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

சாட்ஸ்வொர்த்தில் குரங்குத் தொல்லை உங்களுக்குத் தெரியும். வெளியே வைத்த முதல் நாளே தொட்டியைக் கவிழ்த்துவிடும். அடித்துளை இரண்டிலும் கம்பியை நுழைத்து மரத்தின் வேர்க்கட்டோடும் கீழே பலகையோடும் சேர்த்து முறுக்கிக் கட்டுங்கள். மூன்று வாரம் கழித்து மறுபடியும் நகத்தால் சுரண்டிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.