சும்மா இருக்கும் தங்கை

கேள்வி: பொருளியலில் பிஎச்.டி. செய்கிறேன். ஐந்தாவது ஆண்டு. கைத்தறி நெசவாளர்களின் கடன் பற்றிய ஆய்வு. ஆய்வேட்டில் 312 துணைநூல்கள் இருக்கின்றன. ஏபிஏ முறையில் (மேற்கோளையும் பட்டியலையும் எழுத ஒரு வகுத்த முறை) இல்லை என்று நெறியாளர் இரண்டு தடவை திருப்பிவிட்டார். உள்ளே காட்டிய மேற்கோள் பின்னால் இல்லை, பின்னால் இருப்பது உள்ளே இல்லை என்கிறார். இதுவரை என் தங்கைதான் ராத்திரியில் உட்கார்ந்து பட்டியலை அடித்துத் தந்தாள். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். குரூப் 4-க்குப் படித்துக்கொண்டு வீட்டில் சும்மாதான் இருக்கிறாள். இதற்கெல்லாம் மென்பொருள் இருக்கிறதாமே? ஸோட்டெரோ, மென்டலி, எண்ட்நோட் இவற்றில் எது சுலபம்? எனக்கு உதவித்தொகை வருகிறது, காசு கொடுத்தும் வாங்கலாம். சுலபமானது என்றால் அவளுக்கு ஒரு நாளில் சொல்லிக்கொடுத்துவிடுவேன்.
— பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

பதில்: ஸோட்டெரோ. 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து வரலாற்றுத் துறைக்காரர்கள் கொண்டுவந்தது. இலவசம். எண்ட்நோட் காசு கேட்கும். மென்டலியை 2013-இல் எல்செவியர் என்ற பெரிய பதிப்பு நிறுவனம் வாங்கிவிட்டது. அதுவும் ஓடும், ஆனால் என் ஓட்டு முதலாவதற்குத்தான். மென்பொருள் கேள்வி இத்தோடு முடிந்தது.

இனி அந்தச் 'சும்மா'வுக்கு வருவோம்.

குரூப் 4 தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகள். அதில் நூறு தமிழ். திருக்குறளும் இலக்கணமும் படிக்க வேண்டிய நேரத்தில் உங்கள் தங்கை ஏதோ ஓர் ஆங்கில இதழின் பெயரைச் சாய்வெழுத்தாக மாற்றிக்கொண்டிருக்கிறாள். அந்தத் தேர்வில் தட்டச்சர் வேலையும் உண்டு. அதற்காகத்தானே ஹையர் வரை போனாள்? அரசாங்கம் சம்பளம் கொடுக்கப்போகும் அந்த விரல்களை நீங்கள் சம்பளமில்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதில் 'சும்மா இருக்கிறாள்' என்ற பட்டம் வேறு. நீங்கள் மேசையில் உட்கார்ந்தால் ஆராய்ச்சி, அவள் உட்கார்ந்தால் சும்மாவா? உங்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை வருகிறது, அவளுக்கு வரவில்லை. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

"கூடப் பிறந்தவளுக்கு இதுகூடச் செய்யக் கூடாதா" என்று உங்கள் அம்மா சொல்வார். எல்லா வீட்டிலும் சொல்வதுதான். சரி, கூடப் பிறந்தவர்கள் ஒருவருக்கொருவர் செய்யத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் அக்கா என்பவள் முதலில் செய்ய வேண்டியவள். அவளுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உங்கள் கடிதத்தில் தேடிப் பார்த்தேன். ஒரு வரி இல்லை.

நெறியாளர் திருப்பியதற்கும் காரணம் இதுவேதான். பட்டியல் அடிப்பதை நீங்கள் தட்டச்சு வேலை என்று நினைத்துவிட்டீர்கள். 'நெசவாளர் கடனில் பாதி முதலாளியிடம் வாங்கிய முன்பணம்' என்று நீங்கள் ஒரு வரி எழுதினால், அது எந்த அறிக்கை, எந்தப் பக்கம் என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். நீங்கள் ஓர் அத்தியாயத்தில் பத்தியை வெட்டும்போது அதோடு போன மேற்கோளைப் பின்னால் பட்டியலிலும் எடுக்க வேண்டும் என்று அடுத்த அறையில் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? அவள் கொடுத்ததை அடித்தாள், அவ்வளவுதான். இந்தக் காலத்தில் கணினி செய்வதை எங்கள் காலத்தில் செருப்புப் பெட்டியும் அட்டைகளும் செய்தன. அந்தப் பெட்டியை யாரும் அடுத்தவர் கையில் கொடுத்துப் பார்த்ததில்லை.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். மென்பொருளை அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு நீங்கள் நகர்ந்துகொள்ளலாம் என்பதுதானே? நடக்காது. வேர்டில் கையால் அடித்த '(2011, ப. 45)' எல்லாம் ஸோட்டெரோவுக்கு வெறும் எழுத்து. தானாகக் கண்டுபிடிக்காது. ஒவ்வொன்றையும் அழித்துவிட்டு, மென்பொருளுக்குள் இருக்கும் பதிவிலிருந்து மறுபடி செருக வேண்டும். அப்படிச் செருகும்போது நூலைத் திறந்து பக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். நூலைப் படித்தது நீங்கள். படித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரு தடவை செருகிவிட்டால் பிறகு நிம்மதி. உள்ளே இருப்பது மட்டும்தான் பின்னால் பட்டியலில் வரும். பத்தியை வெட்டினால் பட்டியலிலிருந்தும் போய்விடும். நெறியாளர் நாளைக்கே ஏபிஏ வேண்டாம், சிகாகோ முறை என்றாலும் ஓரிடத்தில் மாற்றினால் 312-ம் மாறும். கட்டுரைக்கு டிஓஐ எண்ணும் புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் எண்ணும் (இரண்டும் அடையாள எண்கள்) கொடுத்தால் பெரும்பாலும் விவரங்களை அதுவே இழுத்துக்கொள்ளும்.

இழுத்ததை அப்படியே நம்பிவிடாதீர்கள். நம் பெயர்களில்தான் அது அதிகம் சறுக்கும். வெள்ளைக்காரர் பெயர் போல முன்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கிறது. 'குமார் எஸ்' என்று ஓர் இதழ் போட்டிருந்தால் 'எஸ்' குடும்பப் பெயராகிவிடும். உங்கள் ஆய்வேட்டில் '(எஸ், 2011)' என்று வந்து நிற்கும், பட்டியலில் 'எஸ்' வரிசையில் போய் உட்காரும். அப்பா பெயரின் முதலெழுத்து தூக்கிக்கொண்டு போய்விட்டது, பிள்ளை தெருவில் நிற்கிறான்! ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் இரண்டு பெட்டி ஒரே பெட்டியாகும். கூட்டுறவுச் சங்கம், அரசுத் துறை என்று நிறுவனமே ஆசிரியராக வரும் இடத்தில் ஒற்றைப் பெட்டிதான் சரி. உங்கள் தலைப்புக்கு அப்படி நிறைய வரும். ஆட்களின் பெயர் என்றால் எது பெயர், எது முதலெழுத்து என்று நீங்களே பார்த்து இடம் மாற்றுங்கள். பழைய தமிழ் நூல்கள் எதற்கும் ஐஎஸ்பிஎன் இருக்காது. கையால்தான் உள்ளிட வேண்டும். உங்கள் கையால்.

ஒரு நாளைக்கு இருபது என்று வைத்தால் பதினாறு நாளில் 312-ம் உள்ளே போய்விடும். மேற்கோள்களைச் செருக இன்னும் மூன்று வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸோட்டெரோ இணையத்தில் இலவசமாகத் தரும் சேமிப்பிடம் 300 எம்பி. பிடிஎஃப்களை அதில் ஏற்றினால் சீக்கிரம் நிரம்பும், பட்டியல் விவரங்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது.

ஆக, காசு கொடுத்து வாங்க நினைத்த மென்பொருளுக்கு இப்போது செலவில்லை. அந்தப் பணத்தில் உங்கள் தங்கைக்கு மாதிரித் தேர்வுக் கட்டணம் கட்டுங்கள். எவ்வளவு ஆகும் என்று அடுத்த கடிதத்தில் என்னைக் கேட்காதீர்கள். அவளைக் கேளுங்கள். ராத்திரியில் கேட்காமல், பகலில், அவள் படித்து முடித்த பிறகு.