கருசோவின் கரகரப்பான பழைய இசைத்தட்டுகளை இன்றும் ஏன் கேட்கிறார்கள்?

நூறு வருடத்துக்கு முந்தைய, இரைச்சல் நிறைந்த ஓபரா (பாட்டாலேயே நடத்தும் மேலைநாட்டு இசை நாடகம்) பதிவுகளில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான்.

என்ரிகோ கருசோ 1873-ல் இத்தாலியின் நேப்பிள்ஸில் பிறந்தவர். ஓபராவில் 'டெனர்', அதாவது ஆண்குரலில் மேல் ஸ்தாயி பாடுபவர். 1902 ஏப்ரலில் மிலான் ஹோட்டல் அறை ஒன்றில் கிராமபோன் கம்பெனிக்காகப் பத்துப் பாட்டுகள் பாடினார். ஊதியம் 100 பவுண்டு.

அன்று மைக் கிடையாது. பெரிய புனல் ஒன்றின் வாயருகே நின்று பாட வேண்டும். குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கீறும். உச்சத்தைப் பிடிக்கும்போது பாடகர் சற்றுப் பின்னால் நகர வேண்டும், இல்லாவிட்டால் பதிவு சிதறிவிடும். பெண்களின் உச்சக்குரலும் வயலினும் இதில் மெலிந்து போயின. கருசோவின் கனத்த சாரீரமோ ஜம்மென்று உட்கார்ந்தது! கருவியின் குறை அவருக்குத் தோதாகிவிட்டது என்றே சொல்வேன்.

'பாலியாச்சி' ஓபராவில், மனைவியின் துரோகம் தெரிந்த பிறகும் கோமாளி வேஷம் கட்டும் கனியோவின் பாட்டை 1907 பதிவில் கேளுங்கள். சிரிக்கச் சொல்லித் தன்னையே அவன் ஏவும் இடத்தில் கரகரப்பு காதில் ஏறாது. பின்னாளில் புது ஆர்கெஸ்ட்ராவை ஒட்டி வெளியிட்ட பதிப்புகளும் உண்டு. எனக்கு அவை பிடிப்பதில்லை, பழசையே தேடுங்கள்.

மைக் வைத்துப் பதியும் முறை 1925-ல்தான் சந்தைக்கு வந்தது. கருசோ 1921-லேயே, 48 வயதில் போய்விட்டார்.