கணினி ஓர் அறையில், டிஏசி மற்றோர் அறையில்: நீண்ட கேபிள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: என் கணினி மேசையிலிருந்து கூடத்தில் உள்ள ஆம்ப்ளிஃபயர் வரை சுவரோரமாக அளந்தால் 12 மீட்டர் வருகிறது. நீளமான யூஎஸ்பி கேபிள் ஒன்றை வாங்கி, டிஏசியை (கணினியின் டிஜிட்டல் ஒலியை அனலாக் சமிக்ஞையாக மாற்றும் கருவியை) ஆம்ப்ளிஃபயர் அருகிலேயே வைக்கலாமா?

பதில்: டிஏசியை ஆம்ப்ளிஃபயர் அருகில் வைப்பது நல்ல முடிவுதான். ஆனால் சாதாரண யூஎஸ்பி கேபிள் அவ்வளவு தூரத்துக்கு உதவாது. யூஎஸ்பி 2.0இல் ஒரு கேபிளின் நீளம் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. தூரம் கூடும்போது சமிக்ஞை தேய்வதோடு, கணினி கேட்பதற்குச் சாதனம் குறித்த நேரத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயமும் இந்த வரம்புக்குக் காரணம். கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் டிஏசி என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. 28 கேஜ் என்னும் மெல்லிய கம்பியுள்ள 5 மீட்டர் கேபிளில் அரை ஆம்பியர் ஓடினால், போக வரச் சேர்த்துச் சுமார் 1 வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். 5 வோல்ட்டை நம்பியிருக்கும் சாதனத்துக்கு அது பெரிய இழப்பு.

கேள்வி: 10 மீட்டர் ஆக்டிவ் யூஎஸ்பி கேபிளை (சமிக்ஞையைப் புதுப்பிக்கும் சிப் உள்ளேயே இருக்கும் கேபிளை) பயன்படுத்துகிறேன். பாட்டு நடுவே அவ்வப்போது ‘டக்’ என்று வெட்டுகிறது. ஏன்?

பதில்: கோப்பை நகலெடுக்கும்போது ஒரு தரவுப் பொட்டலம் சிதைந்தால் யூஎஸ்பி அதை மீண்டும் அனுப்பும், ஒலியை அனுப்பும்போது அப்படிச் செய்வதில்லை. சிதைந்த துண்டு போனது போனதுதான், அதுவே வெட்டாகக் கேட்கிறது. முதலில் குட்டைக் கேபிளால் டிஏசியை நேராக இணைத்துப் பாருங்கள். அப்போதும் வெட்டினால் கேபிளில் குறையில்லை. பிளேயர் மென்பொருளில் பஃபர் (ஒலித்தரவை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் நினைவகம்) அளவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். வெட்டு நின்றுவிட்டால், தனி மின் அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றைத் தொலைமுனையில் வைத்து, அதிலிருந்து டிஏசிக்கு இணைப்புக் கொடுங்கள்.

கேள்வி: யூஎஸ்பிக்குப் பதிலாக டிஜிட்டல் ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல், செம்புக் கம்பியில் அனுப்பும் கோஆக்சியல் இரண்டில் எது நீண்ட தூரம் போகும்?

பதில்: கோஆக்சியல். தோஷிபா 1983இல் கொண்டுவந்த டாஸ்லிங்க் ஆப்டிகல் கேபிளில் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழைதான் இருக்கும். அதில் ஒளி விரைவில் மங்குவதால் 5 மீட்டர் வரை நம்பலாம், 10 மீட்டர் என்பது சாதனங்களைப் பொறுத்தது. கோஆக்சியலுக்கு 75 ஓம் கேபிள் வேண்டும்; டிவிக்கு இழுக்கும் ஆர்ஜி-6 கேபிளே இதற்குப் போதும். சாதாரண ஆர்சிஏ ஆடியோ கேபிள் ஓம் அளவில் பொருந்தாததால், நீளம் கூடும்போது சமிக்ஞை முனைகளில் எதிரொலித்துத் திரும்பும்.

கேள்வி: கணினியை இணைத்தவுடன் ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்ற இரைச்சல். எர்த் பின்னைக் கழற்றினால் நிற்கும் என்று ஒருவர் சொன்னார்.

பதில்: அதைச் செய்யவே செய்யாதீர்கள். இரைச்சல் நிற்கக்கூடும், ஆனால் உள்ளே மின்கசிவு ஏற்படும் நாளில் உலோகப் பெட்டியைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து. கணினிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் வெவ்வேறு பிளக்குகளின் வழியே எர்த் கிடைக்க, கேபிளின் உறை அந்த இரண்டையும் சேர்த்து ஒரு வளையமாக்கிவிடுகிறது. அதில் ஓடும் சிறு மின்னோட்டமே 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாகக் கேட்கிறது. மடிக்கணினி என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் மறைந்தால் காரணம் இதுவே என்று கொள்ளலாம். இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகுவது முதல் முயற்சி. தூரம் அதற்கு இடம் தராவிட்டால், வளையத்தை ஒலிப்பாதையில் துண்டிக்க வேண்டும், எர்த்தில் அல்ல. ஆப்டிகல் கேபிளில் உலோகத் தொடர்பே இல்லாததால், தூரம் குறைவாக இருக்கும் இடங்களில் நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான்.

கேள்வி: டிஏசியைக் கணினி அருகே வைத்து அனலாக் கேபிளை 12 மீட்டர் இழுத்தால் உச்ச ஒலிகள் மங்குமா?

பதில்: பெரும்பாலும் மங்காது. உச்ச ஒலிகளை மங்கச் செய்யக்கூடியது கேபிளின் மின்தேக்கம் (கபாசிட்டன்ஸ்). அது மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் எனக் கொண்டால் மொத்தம் 1,200 பிக்கோஃபாரட். டிஏசியின் வெளியீட்டு மின்மறுப்பு 600 ஓம் என்றாலும் இழப்பு தொடங்குவது காது கேட்கும் எல்லைக்கு வெகு அப்பால், சுமார் 220 கிலோஹெர்ட்ஸை ஒட்டித்தான். கவலைப்பட வேண்டியது வழியில் புகும் இரைச்சலைப் பற்றியே. இரு முனைகளிலும் எக்ஸ்எல்ஆர் பேலன்ஸ்டு இணைப்பு (வழியில் புகும் இரைச்சலை நீக்கும் மூன்று பின் இணைப்பு) இருந்தால் தயங்காமல் இழுக்கலாம்.

கேள்வி: எனக்கு மாடி வரை 30 மீட்டர் வேண்டும்.

பதில்: அப்படியானால் ஈதர்நெட் எனும் நெட்வொர்க் கேபிள்தான். கேட் 5இ கேபிளிலேயே 100 மீட்டர் போகலாம். டிஏசி அருகில் ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியையோ நெட்வொர்க் ஸ்ட்ரீமரையோ வைத்தால், யூஎஸ்பி கேபிள் அரை மீட்டரில் முடிந்துவிடும். டிஎல்என்ஏ (வீட்டு நெட்வொர்க்கில் பாட்டு, படம் பகிரும் முறை) வழியாகப் பாட்டுக் கோப்பு வரும்போது தொலைந்த பொட்டலம் மீண்டும் கேட்டுப் பெறப்படுகிறது. ஈதர்நெட் முனைகளில் உள்ள சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் மின்தொடர்பையும் பிரித்துவிடுகின்றன. உறையில்லாத யூடிபி கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். உலோக உறை இருந்தால் அதன் வழியே முன்பு சொன்ன எர்த் வளையம் திரும்ப வந்துவிடலாம். கேட் 6 கேபிளில் இயங்கும் யூஎஸ்பி எக்ஸ்டெண்டர்கள் பல, உருவில் ஒத்திருந்தாலும் ஈதர்நெட் அல்ல. அவற்றை நெட்வொர்க் ஸ்விட்சில் செருகக் கூடாது.

கேள்வி: வீட்டுக்கு இப்போதுதான் ஒயரிங் நடக்கிறது. எதைப் புதைத்து வைக்கலாம்?

பதில்: இரண்டு கேட் 6, ஓர் ஆர்ஜி-6. மின்சார ஒயர் போகும் குழாயில் இவற்றைச் சேர்க்காமல் தனிக் குழாயில் போடச் சொல்லுங்கள். பின்னாளில் வேறு கேபிள் இழுக்க உதவியாக, அதே குழாயில் ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவையுங்கள்.