“என்ன வேண்டும்?” என்று கேட்காமல், வேலையைச் சொல்லிக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் அக்கம்பக்கத்தில் ஒரு தம்பதி இரண்டு ஏக்கரில் பூ வளர்த்து வந்தார்கள். டேலியா, ஜினியா, செவ்வந்தி, கொஞ்சம் ரோஜா. மூன்று வாரத்துக்கு முன் கணவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். ஒரு நாள்கூட படுத்துக் கிடக்கவில்லை. வயல் முழுக்க அவர் பொறுப்பு. மனைவி, அதாவது என் தோழி, கணக்கையும் ஆர்டர்களையும் பார்த்தார். பள்ளியில் படிக்கும் ஒரு மகன் இருக்கிறான். கூலிக்கு வரும் இரண்டு பெண்கள் இப்போது வருவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறார்கள். நாங்கள் ஏழெட்டுக் குடும்பங்கள் உதவத் தயார். “என்ன வேண்டுமானாலும் கேள்” என்று எல்லோருமே சொல்லிவிட்டோம். அவர் எதுவும் கேட்கவில்லை. “வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். பூவெல்லாம் செடியிலேயே காய்கிறது. சிலர் நிலத்தை விற்றுவிடச் சொல்கிறார்கள், சிலர் பணம் திரட்டலாம் என்கிறார்கள். எப்படி உதவுவது? எவ்வளவு நாள்? அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுவதா?

— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: “என்ன வேண்டுமானாலும் கேள்” என்று சொன்னீர்கள் அல்லவா, அங்கிருந்தே தொடங்குவோம். மனதாரச் சொன்னதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உங்கள் தோழி எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று பாருங்கள். வயலில் என்னென்ன வேலை கிடக்கிறது என்று தெரிய வேண்டும். அதில் எது அவசரம் என்று பிரிக்க வேண்டும். யாரிடம் எதைக் கேட்கலாம் என்று யோசிக்க வேண்டும். அப்புறம் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு வாய் திறக்க வேண்டும். வயலை அறிந்தவர் போய்விட்டார். தோழிக்குக் கேட்க மனமில்லை என்று நான் நினைக்கவில்லை, என்ன கேட்பது என்றே தெரியாமல் இருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். “வியாழக்கிழமை காலை நாங்கள் இரண்டு பேர் வந்து ஜினியாவைப் பறித்து வாளியில் வைத்துவிட்டுப் போகிறோம். வரட்டுமா?” இதற்கு ஆமாம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும். வேலை, நாள், ஆள் மூன்றும் அந்தக் கேள்வியிலேயே இருக்கின்றன. நீங்கள் ஏழெட்டுக் குடும்பமும் இப்படிக் கேட்கத் தொடங்கினாலே பாதி சிக்கல் தீரும்.

அடுத்தது, காத்திருக்கக்கூடிய காரியம் எது, முடியாதது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். நிலத்தை விற்பது, தோட்டத்தை மூடுவது, வேறு தொழிலுக்குப் போவது எல்லாம் காத்திருக்கும். மூன்று வாரத்தில் யாரும் அந்த முடிவை எடுக்கக் கூடாது, எடுக்கச் சொல்லி நெருக்கவும் கூடாது. “விற்றுவிடு” என்கிறவர்களை உங்கள் தோழியால் இப்போது எதிர்த்துப் பேச முடியாது. அவருக்காக நீங்கள் பேசுங்கள். “அதை அப்புறம் பார்ப்போம், இப்போது வேண்டாம்” என்று ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்லுங்கள். கடன் இருந்தால் அது மட்டும் விதிவிலக்கு. கடன் கொடுத்தவர்களுக்கு இறப்பைத் தெரிவித்து அவகாசம் கேட்பதைத் தள்ளிப்போட வேண்டாம். சில கடன்களோடு ஆயுள் காப்பீடும் சேர்ந்திருக்கும், அதையும் விசாரிக்க வேண்டும். இந்த வேலைக்கு உங்களில் காகிதம் பார்க்கப் பழகிய ஒருவர் அவருடன் போகட்டும். ஒருவர் போதும், கூட்டமாகப் போக வேண்டாம்.

பூ காத்திருக்காது. “பாவம், பூவாவது செடியில் இருக்கட்டும்” என்று தோன்றும். ஆனால் ஜினியா போன்ற ஓராண்டுச் செடிக்குப் பூப்பதே விதை வைப்பதற்காகத்தான். பூவைப் பறிக்காமல் விட்டால் விதை பிடிக்கும், விதை பிடித்தால் புதுப் பூ குறைந்துபோகும். மூன்று வாரமாகப் பறிக்காத வரிசையில் முதல் வேலை, காய்ந்ததையும் முற்றியதையும் வெட்டி எறிவது. விற்க ஆள் இல்லாவிட்டாலும் வெட்டத்தான் வேண்டும். டேலியாவுக்கும் இதே கதைதான். இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டால், தோழி என்ன முடிவெடுத்தாலும் அவர் கையில் பூக்கிற செடி மிச்சம் இருக்கும்.

பழக்கமில்லாதவர்கள் பறிக்கலாமா என்றால், ஒரு காலை நேரம் கற்றுக்கொண்டால் தாராளமாகப் பறிக்கலாம். ஜினியாவில் பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். தலை தொங்கி ஆடினால் இன்னும் முற்றவில்லை, விட்டுவிடுங்கள். தண்டு விறைப்பாக நின்றால் பறிக்கலாம். டேலியாவை மொட்டாக வெட்டினால் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும், வாளியில் விரியாது. அதனால் பாதிக்கு மேல் விரிந்ததைத்தான் வெட்ட வேண்டும். ரோஜா அப்படியல்ல, வெளி இதழ் பிரியத் தொடங்கும்போதே வெட்டலாம், தண்ணீரில் விரிந்துகொள்ளும். எல்லாமே வெயில் ஏறுவதற்கு முன். வாளியைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், தண்ணீருக்குள் இருக்கும் இலையை உருவிவிட வேண்டும். இலை அழுகினால் கிருமி பெருகித் தண்டின் வாயை அடைத்துவிடும், பூ சீக்கிரம் தலை கவிழும். மருந்துக் கொட்டகையை மட்டும் யாரும் தொட வேண்டாம். பூட்டிச் சாவியைப் பத்திரமாக வையுங்கள். தெளிப்பதெல்லாம் தெரிந்தவர் வேலை.

அடுத்து ஒரு வேலை. இதை யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் இப்போது விட்டால் பிறகு செய்யவே முடியாது. டேலியா பூத்திருக்கும்போதே ஒவ்வொரு செடிக்கும் சீட்டுக் கட்டிவிடுங்கள். பூவைப் பார்த்தால்தான் எது எந்த ரகம் என்று தெரியும். செடி காய்ந்து கிழங்கைத் தோண்டியபின் எல்லாக் கிழங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எந்த வரிசையில் என்ன நட்டார் என்பது தோழியின் கணவர் மனதில் இருந்திருக்கும், எழுதி வைத்திருக்க மாட்டார். அழியாத மையால் ரகத்தின் பெயரையும், பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அளவையும் எழுதி, தண்டின் அடியில் கட்டுங்கள். கூடவே செடியைப் படம் எடுத்து, வரிசை எண்ணைக் குறித்து வையுங்கள். ரகம் தெரிந்த கிழங்குக்கு மதிப்பு உண்டு. நாளைக்குத் தோட்டத்தைத் தொடர்ந்தால் நடவுக்கு ஆகும், நிறுத்தினால் விற்கலாம். பெரியவர்கள் பூ வெட்டும்போது மகன் இந்த வேலையைச் செய்யலாம். அவனாகவே விரும்பினால் மட்டும். அப்பா வளர்த்த செடிகளின் பெயரை அவன் கையால் எழுதுவது அவனுக்கு ஆறுதலாக இருக்கலாம், தாங்க முடியாததாகவும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள், வற்புறுத்தாதீர்கள்.

செவ்வந்தியைப் பற்றி நீங்கள் விவரம் எழுதவில்லை. பெரும்பாலான ரகங்கள் இரவு நீளத் தொடங்கும்போதுதான் மொட்டு வைக்கும். அதற்கு முன் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை பிடித்து நிறையப் பூக்கும். மொட்டு வைத்தபின் கிள்ளினால் பூ போய்விடும். அதனால் தெரியாதவர் யாரும் அதில் கை வைக்க வேண்டாம்.

தெரிந்தவர் யார்? அந்த இரண்டு பெண்கள்தான். உங்கள் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது, நான் அவர்களைத்தான் முதலில் வைப்பேன். தோழியின் கணவர் மோட்டார் எப்போது போடுவார், எந்த வால்வு எந்தப் பாத்திக்குப் போகிறது, சொட்டுநீர்க் குழாயின் ஃபில்டரை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவார், எந்த மூலையில் தண்ணீர் ஏறாது, இதெல்லாம் அவருக்கு அடுத்து அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களோடு வயலைச் சுற்றி வந்து, சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். நீங்கள் எல்லோரும் கூலி இல்லாமல் இறங்கி வேலை செய்யத் தொடங்கினால், அவர்கள் பிழைப்பு போய்விடும் என்பதையும் யோசியுங்கள். உதவி என்று ஒன்றைச் செய்து அங்கே இன்னொரு வீட்டில் அடுப்பை அணைக்கக் கூடாது. பணம் திரட்டினால் முதல் செலவு அவர்களுடைய கூலியாக இருக்கட்டும். வயலை அறிந்த கை வயலில் இருந்தால்தான் உங்கள் கை பயன்படும்.

பணம் என்று வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். தோழியிடம் கேட்காமல் திரட்டாதீர்கள். அவருடைய படத்தையும் துயரத்தையும் ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டுப் பிறகு தகவல் சொல்வது உதவியாகாது. அவர் சம்மதித்தால் பணம் அவர் கணக்குக்கே நேராகப் போகட்டும், நடுவில் யார் கணக்கிலும் தங்க வேண்டாம். கொடுப்பவர் ஒவ்வொருவரும் இது அன்பளிப்பா, கடனா என்று எழுத்தில் சொல்லட்டும். சொல்லாமல் கொடுத்த பணம், இரண்டு வருடம் கழித்து உறவைக் கெடுக்கும்.

சிலர் “வரப்போகும் பூவுக்கு இப்போதே பணம் கட்டிவிடுகிறோம்” என்பார்கள். இது நல்ல வழிதான். விளைச்சலுக்கு முன்பே வாங்குபவர்கள் பங்கு போட்டு விவசாயியைத் தாங்கும் முறை பல நாடுகளில் உண்டு. ஜப்பானில் 1970களில் ‘தெய்கெய்’ என்ற பெயரில் வளர்ந்தது, அமெரிக்காவில் 1986இல் இரண்டு பண்ணைகளில் தொடங்கியது. அதன் உயிர்நாடி, விளைந்தால் பங்கு, விளையாவிட்டால் நஷ்டத்திலும் பங்கு என்பது. உங்கள் ஆட்கள் அந்த இரண்டாம் பாதியையும் ஏற்றுக்கொண்டால் மட்டும் முன்பணம் கொடுக்கட்டும். இல்லாவிட்டால் அது உங்கள் தோழி தலையில் இன்னொரு கடனாகத்தான் உட்காரும், பூ வடிவில்.

ஏற்கெனவே வாங்கிய ஆர்டர்களும் இருக்கும். திருமணத்துக்கோ விழாவுக்கோ பூ சொல்லியிருப்பவர்களின் பட்டியலை அவரிடம் வாங்கி, உங்களில் நிதானமாகப் பேசக்கூடிய ஒருவர் ஒவ்வொருவரையும் அழைக்கட்டும். நடந்ததைச் சொல்லி, எதைக் கொடுக்க முடியும், எதைக் கொடுக்க முடியாது என்று நேராகப் பேசினால் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள். முடியாததை வேறொரு பூ விவசாயி எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள். ஒரே செய்தியைப் பத்துப் பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்வது அவருக்குத்தான் மிகவும் கொடுமை. அதை வேறொருவர் வாங்கிக்கொண்டாலே பெரிய பாரம் இறங்கும்.

எவ்வளவு நாள் என்று கேட்டீர்கள். முதல் மாதம் எல்லோரும் வருவார்கள், ஆள் அதிகமாகிப் பாத்தியை மிதிக்கும் அளவுக்குக்கூட வருவார்கள். மூன்றாம் மாதம்தான் வெறிச்சோடும். வீடு அடங்கி, மற்றவர்கள் தங்கள் வேலைக்குத் திரும்பி, அவர் தனியாக வரப்பில் நிற்கும் நேரம் அதுதான். அதனால் இப்போதே ஏழெட்டுக் குடும்பமும் ஒரேயடியாக இறங்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு குடும்பம் என்று முறை போட்டு, ஆறு மாதத்துக்கு நாட்காட்டியில் எழுதுங்கள். முறையை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும், ஆனால் அது நீங்களாக இருக்க வேண்டாம். உங்களோடு அவர் தோழியாகப் பேச வேண்டும், மேற்பார்வையாளரோடு பேசுவதுபோல அல்ல. வர முடியாத நாளை முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பது கட்டாயம். வருகிறேன் என்று சொல்லி வராத ஆள், அவர் மறுபடி யாரையும் நம்பாமல் செய்துவிடுவார்.

அவர் வேண்டாம் என்றால்? வேலையைச் சொல்லிக் கேட்டபிறகும் வேண்டாம் என்றால் அது உண்மையான வேண்டாம், அதை மதியுங்கள். அடுத்த வாரம் வேறொரு வேலையைச் சொல்லிக் கேளுங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: யாரும் தொடக் கூடாத இடம் ஏதாவது உண்டா என்று. கணவர் கடைசியாக நட்ட வரிசை, அவர் கழற்றி வைத்த கையுறை, கொட்டகையில் அவர் உட்காரும் இடம் என்று ஏதாவது இருக்கும். ஆர்வக்கோளாறில் அதையெல்லாம் சுத்தம் செய்துவிடாதீர்கள். களை மண்டினாலும் பரவாயில்லை, அந்த வரிசை அவருடையது.

ஒருவேளை சில மாதம் கழித்து அவர் தோட்டத்தைப் பாதியாகக் குறைக்கலாம். அப்படியானால் மீதி நிலத்தில் பயறு வகை ஏதாவது விதைத்து மூடிவிட்டால் களையும் அடங்கும், மண்ணும் தேறும், பிறகு எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். முழுக்க நிறுத்தவும் நினைக்கலாம். “இவ்வளவு செய்தோமே” என்று உங்களில் ஒருவருக்கும் அப்போது தோன்றக் கூடாது. நீங்கள் செய்தது அவர் யோசிப்பதற்கு வேண்டிய நேரத்தை வாங்கிக் கொடுப்பதற்காக. நிறுத்துவதிலும் நிறைய வேலை இருக்கிறது: கிழங்கு தோண்டுவது, குழாய் சுருட்டுவது, கணக்கு முடிப்பது, அந்த இரண்டு பெண்களுக்கு வேறு வேலை தேடித் தருவது. முறைப் பட்டியலை அதற்கும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

நாளை காலை போகும்போது கத்தரியும் கழுவிய வாளியும் எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் ஜினியா.