எந்த ஆண்டை மனப்பாடம் செய்வது?

கேள்வி: என் மகள் கடலூரில் பி.ஏ. வரலாறு முதலாண்டு படிக்கிறாள். பிளஸ் டூவில் வரலாற்றில் 90-க்கு மேல் வாங்கியவள். முதல் இன்டர்னலில், இந்தியாவில் ஆங்கிலேயரிடம் பிரெஞ்சுக்காரர் தோற்றதற்கான காரணங்களை ஆராயச் சொல்லி 10 மதிப்பெண் வினா. 4 பக்கம் எழுதியும் மூன்றரைதான் போட்டிருக்கிறார்கள். ‘கேட்டதற்குப் பதில் இல்லை’ என்று சிவப்பு மையில் குறிப்பு வேறு. கைடுகளும் முரண்படுகின்றன. புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது ஒன்றில் 1954, இன்னொன்றில் 1962. எதை மனப்பாடம் செய்யச் சொல்வது?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: இரண்டு ஆண்டுகளும் சரி. ஏன் இரண்டு என்று சொல்லாமல் விட்டதுதான் கைடுகளின் தப்பு. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியை அடுத்த கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியா வசம் வந்தது. சட்டப்படி கைமாற மேலும் எட்டு வருஷம் ஆயிற்று. 1956 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானாலும் பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962-ல்தான் ஒப்புதல் தந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16-ல் காரியம் முடிந்தது. இந்த இழுபறிக்கு, பிரான்சு அப்போது நடத்திய அல்ஜீரியப் போரைக் காரணமாகச் சொல்வார்கள். ‘1954-ல் நிர்வாகம், 1962-ல் சட்டம்’ என்று பிரித்து எழுதும் மாணவிக்கு மனப்பாடமே தேவைப்படாது.

இனி அந்த மூன்றரைக்கு வருவோம். உங்கள் மகளின் விடைத்தாளைப் பார்க்காமலே ஊகிக்கிறேன்: முதல் பக்கம் முழுக்க வாஸ்கோ ட காமா 1498-ல் கள்ளிக்கோட்டையில் இறங்கியிருப்பார். அடுத்த மூன்று பக்கத்தில் கைடில் உள்ள எட்டுக் காரணங்களும் வரிசை மாறாமல், ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நின்றிருக்கும். ‘விவரி’ என்றால் நடந்ததைச் சொன்னால் போதும். ‘ஆராய்க’ என்றால் எந்தக் காரணம் பெரியது, எது அதன் விளைவு என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

எடுத்துக்காட்டாக, கடல்தான் முடிவு செய்தது என்று முதல் மூன்று வரியிலேயே சொல்லிவிடலாம். பிறகு சான்று. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி, ஆங்கிலேயர் வசமிருந்த நம் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்ததும் விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோல்வி, மறு ஜனவரியில் புதுச்சேரியே வீழ்ந்தது. அடுத்த காரணம் பணம்: 1757 பிளாசிக்குப் பிறகு ஆங்கிலேயருக்கு வங்காளத்து வருவாய் கிடைத்தது, லாலிக்குச் சம்பளம் கொடுக்கவே காசில்லை. 1754-ல் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயைத் திருப்பி அழைத்ததை இவற்றுக்குப் பின்னால் வைக்கலாம். முன்னால் வைக்கவும் வாதம் உண்டு. எதுவானாலும் ஏன் என்று ஒரு வரி வேண்டும். பத்திக்கு ஒரு காரணம், ஒரு நிகழ்ச்சி, ஓர் ஆண்டு. இரண்டு பக்கம், 20 நிமிடம் தாராளம்.

கைடை முதலில் படிக்கக் கூடாது. பாடநூலில் ஓர் அத்தியாயம் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஒரே பக்கத்தில் குறிப்பெழுதட்டும். இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு காலியாக விட்டு, ‘இதைச் சொன்னது யார்? எப்படித் தெரியும்?’ என்ற கேள்விகளை அங்கே எழுத வேண்டும். மூடாமல் எழுதினால் அது குறிப்பல்ல, நகல்.

இந்தக் கேள்விகள் எதற்கென்று 1746-ஐப் பார்த்தால் புரியும். சென்னை பிரெஞ்சுக்காரரிடம் சரணடைந்த நாள் ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21. யாரும் பொய் சொல்லவில்லை. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே வைத்திருந்தது; அந்த நூற்றாண்டில் வித்தியாசம் 11 நாள். நம் கணக்கிலோ அது அட்சய வருஷம், புரட்டாசி. ஆவணம் யாருடையது என்று பார்க்காமல் தேதியை எடுத்தால், ஒரே சம்பவம் இரண்டு சம்பவமாகிவிடும். கைடுகளில் இப்படி ஆவதுண்டு.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் சில நாட்களையாவது அவள் படிக்க வேண்டும். ஆனால் அவர் டூப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும் என்பதும், டூப்ளேயின் மனைவியோடு அவருக்கு ஆகாது என்பதும் நினைவிருக்கட்டும். 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது அங்கிருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதற்கு அவர் அந்த அம்மாளையும் பாதிரிமார்களையும் சாடுகிறார். இடித்தது நடந்த செய்தி. யார் தூண்டினார்கள் என்பது பிள்ளையின் வாக்குமூலம். பிரெஞ்சுத் தரப்பு ஆவணத்தோடு வைத்துப் பார்த்த பிறகே எழுத வேண்டும்.

ஆண்டுகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. பாடத்துக்கு 12 அல்லது 15 போதும், அவையும் சங்கிலியாக. 1746-ல் சென்னை போனது. அதனால் ஆங்கிலேயரின் தலைமையிடம் கடலூருக்கு வந்தது. 1748-ல் இரு நாடுகளும் செய்த உடன்படிக்கையில் வட அமெரிக்காவின் லூயிபர்க் கோட்டைக்கு ஈடாகச் சென்னை திரும்பக் கிடைத்தது. ஆனாலும் 1752 வரை தலைமையிடம் கடலூரிலேயே இருந்தது. ஏன் உடனே திரும்பவில்லை என்று அரைப் பக்கம் எழுதி, சிவப்பு மையில் குறிப்பு போட்ட அதே பேராசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள்.