ஏழு ஓட்டை போதாதா?

கேள்வி: நாதஸ்வரத்துல ஏழே ஓட்டைய வச்சுக்கிட்டு நம்மாளுக எல்லா ராகத்தையும் ஊதித் தள்ளுறாங்க. பேண்ட் செட்ல வர்ற கிளாரினெட்டுக்கு மட்டும் எதுக்கு இம்புட்டு கீ? வெள்ளக்காரனுக்கு விரல் வித்தை பத்தலையா? (திருமங்கலம் வாசகர்)

பதில்: மொதல்ல ஓட்டைய ஒழுங்கா எண்ணிட்டு வாங்க. விரல் வைக்க ஏழு, அதுக்குக் கீழ மெழுகு அடைச்சு சுருதி சேக்குறதுக்கு அஞ்சு, ஆக பன்னெண்டு.

சங்கதி விரல்ல இல்லண்ணே, குழாய்ல இருக்கு. நாதஸ்வரம் கீழ போகப் போக விரியும், அழுத்தி ஊதுனா அதே விரலுக்கு மேல் ஸ பேசும், அதனால ஓட்டைங்க ஒரு ஸ்தாயிய (ஸ-ல இருந்து மேல் ஸ வரைக்கும்) சமாளிச்சாப் போதும். கிளாரினெட் உள்ள கிட்டத்தட்ட ஒரே அகலம். ஸ வாசிச்சுக்கிட்டே பின்பக்கக் கீயத் தொறந்தா மேல் ஸ-வையும் தாண்டி அதுக்கு மேல இருக்குற பஞ்சமத்துல போய் உக்காரும், அப்ப அந்த இடைவெளிக்கு மட்டும் 19 ஸ்வரஸ்தானம் வேணும், இருக்குறது பத்து விரல், அதுலயும் வலது கட்டைவிரல் வாத்தியத்தத் தாங்குறதுக்கே போயிருது, மிச்ச ஒம்பத வச்சு நீங்கதான் வாசிச்சுக் காட்டணும்.

1700 வாக்குல ஜெர்மனி நியூரம்பெர்க்ல டென்னர்ங்கிற வாத்தியம் செய்யுறவர் கிளாரினெட்ட செஞ்சப்ப ரெண்டே கீ. மொஸார்ட் காலத்துல சாதாரணமா அஞ்சு. கூட்ட முடியாம இல்ல, கீயோட நுனியில ஓட்டைய மூடுற தட்டைத் தோல் பேட் காத்த ஒழுகவிடும், கீ கூடக்கூட ஒழுகலும் கூடும். கிளாரினெட் வித்வான் இவான் முல்லர்தான் உள்ள பஞ்சு மாதிரி அடைச்ச பேட் போட்டு 13 கீ வச்சாரு. 1812ல பாரிஸ் கன்சர்வேட்டரி (இசைக் கல்லூரி) குழு அத வேணாம்னுருச்சு, ஒரே கிளாரினெட்ல எல்லாத்தையும் வாசிச்சா வேற வேற அளவு கிளாரினெட்டுக்கு இருக்குற தனித்தனிக் குரல் போயிரும்னாங்க (கொஞ்சம் நியாயம்தான்னு எனக்குப் படுது).

நெசமான மூளை வளையத்துல இருக்கு. விரல் ஓட்டைய மூடுறப்பவே சுத்தி இருக்குற வளையமும் அமுங்கி, எட்டாத தூரத்துல இருக்குற பேட அசைக்கும். ஜெர்மன்காரர் போம் புல்லாங்குழலுக்கு வச்சத கிளாரினெட் வித்வான் க்ளோசேயும் வாத்தியம் செய்யுற பஃபேயும் கிளாரினெட்டுக்கு எடுத்து 17 கீ, 6 வளையத்தோட 1839ல காட்டுனாங்க. பேரு மட்டும் போம் சிஸ்டம், அதுல அவரு கை வைக்கவே இல்ல.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கிறேன். கீ ஒண்ணு தொறக்கும் இல்ல மூடும், விரல் மாதிரி வழுக்கி வராது, ஸ்வரத்த அசைச்சு இழைக்கிற கமகத்துக்கு அது தோது இல்ல. ஆனா அதே கிளாரினெட்ல கச்சேரி பண்ணித்தான் நம்ம ஏ.கே.சி. நடராஜன் 2008ல மியூசிக் அகாடமியோட சங்கீத கலாநிதி விருது வாங்குனாரு.