கல் நிரப்பிய பெட்டி

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் மகள் ஒரு பழைய மனநல மருத்துவமனையில் எடுத்த படம் அனுப்பினாள். கட்டில் அளவுக்கு மரப்பெட்டி, உள்ளே கற்கள், அடியில் உருளைகள், பக்கத்தில் கைப்பிடி வைத்த சக்கரம். நோயாளிகளைத் தண்டிக்கும் கருவியா சிஸ்டர்? பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லை அம்மா, அது சலவைக்கூடத்துச் சாமான். பெட்டி மாங்கிள் என்பார்கள். விரிப்பில் லேசாக ஈரம் இருக்கும்போதே அதை உருளையில் சுருக்கமில்லாமல் சுற்றி, பெட்டிக்கு அடியில் வைப்பார்கள். கைப்பிடியைச் சுற்றினால் கல் ஏற்றிய பெட்டி உருளைகள் மேல் முன்னும் பின்னும் ஓடும். நெருப்பும் வேண்டாம், கரியும் வேண்டாம், அந்தக் கனமே இஸ்திரி போட்டுவிடும். பொத்தான் வைத்த துணி என்றால் பொத்தான் நொறுங்கிவிடும், அதனால் விரிப்பு, துண்டு, மேசைத்துணி மட்டும்தான். தண்ணீர் பிழிய வேறு மாங்கிள் உண்டு. நிமிர்ந்த இரும்புச் சட்டத்தில் இரண்டு மர உருளைகள், நம் ஊர்க் கரும்பு மெஷின் மாதிரி.

சரி, சக்கரத்தைச் சுற்றியது யார்? பெரும்பாலும் பெண் நோயாளிகள். லண்டனுக்கு மேற்கே ஹான்வெல் மனநலக் காப்பகம் 1831இல் திறந்தபோது, அதன் முதல் தலைமை மருத்துவர் வில்லியம் எல்லிஸ் வேலையையே மருந்தாக நம்பினார். ஆண்களுக்குத் தோட்டமும் பட்டறையும், பெண்களுக்குச் சமையல், தையல், சலவை. 1839இல் அங்கே வந்த ஜான் கானலி, நோயாளிகளைக் கட்டிப்போடுவதையே நிறுத்திய புண்ணியவான். சலவை வேலை மட்டும் தொடர்ந்தது. இப்படிப்பட்ட காப்பகங்களில் கூலி கிடையாது. பல இடங்களில் கூடுதலாகக் கொஞ்சம் பீர் அல்லது டீ. அமெரிக்காவில் 1973இல்தான் சௌடர் வழக்கில் ஒரு நீதிமன்றம், மருத்துவமனைக்காக உழைக்கும் நோயாளிக்கும் கூலிச் சட்டம் உண்டு என்றது.

வேலை குணம் தரும் என்பதை நானும் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் நர்ஸாக இருந்த பெண்கள் வார்டில் ஒரு அம்மா யாரிடமும் பேச மாட்டார். மழைக்காலத்தில் நனைந்த விரிப்பின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தால், நான் முறுக்குவதற்கு நேர் எதிர்ப்பக்கமாக, சொட்டுத் தண்ணீர் நிற்காமல் முறுக்குவார். முடித்ததும் முகத்தில் அப்படி ஒரு தெளிவு இருக்கும். ஒரு நாளைக்கு இருபது, முப்பது விரிப்பு பிழிந்திருப்பார். அதற்கு நாங்கள் கொடுத்தது மாலையில் கூடுதலாக ஒரு டம்ளர் டீ.